நடைவழியில் ஒரு சாக்கெட்

1

விருதுநகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் தம்பி முருகேசன், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எனக்குப் போன் போடுவான். மழை உண்டா, மச்சானுக்கு மூச்சு எப்படி, தாரிணிக்கு வரன் பார்க்கவா என்று அவன் கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் காலை அவன் கூப்பிட்டபோது, "கரண்ட் போயிருச்சுடா, அப்புறம் பேசுறேன்" என்று வைக்கப் போனேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னக்கா சொல்ற? கரண்ட் போச்சா? நீ மலேசியாவுலதான இருக்க?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் என்றால் இரட்டைக் கோபுரம், அதைச் சுற்றி விளக்கு. நான் குடியிருப்பது பங்சாருக்குப் பின்பக்கம், அரசாங்கம் குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கும் அடுக்குமாடியில், பதினோராவது மாடி. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்தக் கோபுரங்களின் உச்சி தெரியும். அன்றைக்கும் தெரிந்தது. அங்கே கரண்ட் இருந்திருக்கும், எங்களுக்குத்தான் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லாம் புரியும். என் கணவர் மணியம் இங்கேயே பிறந்தவர், கிள்ளான் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டியவர். இப்போது நுரையீரல் போய்விட்டது. சிகரெட் பாதி, லோரிப் புகை பாதி என்று டாக்டர் நியாயமாகப் பங்கு பிரித்துச் சொன்னார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் நின்றால் மெஷினும் நிற்கும், நின்றதும் பீப் பீப்பென்று கத்தும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. இங்கே அதைத் தோங் என்பார்கள். அது சில மணி நேரம் தாங்கும். அதற்குள் கரண்ட் வந்தால் பிழைத்தோம். வராவிட்டால் ஆம்புலன்ஸ், அந்த ஆம்புலன்ஸ் கோலாலம்பூர் ஜாமில் நீந்தி எங்கள் பிளாக்குக்கு வந்து சேர வேண்டும். அந்தச் சில மணி நேரத்தை நினைத்துத்தான் இவ்வளவு புலம்பலும்.

2

அன்று காலை தோங்கை மாட்டிவிட்டு, மற்ற வீடுகளிலும் இல்லையா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். நடைவழி முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ட்யூப்லைட். லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஜென்செட் உறுமிக்கொண்டிருந்தது. நம்மூரில் ஜெனரேட்டர் என்பதை இவர்கள் ஜென்செட் என்பார்கள். அது நடைவழி விளக்குக்கும் லிஃப்டுக்கும் மட்டும்தான், வீடுகளுக்குக் கிடையாது.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. வீட்டுக்குள் ஒரு மனிதர் சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு மூச்சு விடுகிறார், வாசலுக்கு வெளியே வெயிலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் கதவுக்கும் அந்த விளக்குக்கும் நடுவே இரண்டு கை தூரம். அந்த லைனிலிருந்து ஒரு சாக்கெட் இழுத்துக் கொடுத்தால் போதும், மெஷின் ஓடும். ஒரே ஒரு சாக்கெட்.

கரண்ட் மத்தியானம் வந்துவிட்டது. மறுநாள் முதல் வேலையாகக் கீழே நிர்வாக ஆபீசுக்குப் போனேன். அங்கே அதிகாரி என்சிக் ரோஸ்லான். என்சிக் என்றால் ஐயா. நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். எது கேட்டாலும் "சாபார், கா" என்பார், பொறுமை அக்கா என்று அர்த்தம். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் என் மலாய் கடைத்தெரு மலாய்தான். இருந்தாலும் ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எங்கள் வீட்டில் கரண்ட் கட் ஆனால் என் கணவர் உயிருக்கு ஆபத்து, நடைவழி லைனிலிருந்து ஒரு சாக்கெட் கொடுங்கள். இதைத்தான் சொன்னேன். 'கட்' என்பதற்கு 'போத்தோங்' என்ற வார்த்தையைப் போட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை, கோழிக்கடையில் தினமும் சொல்வது.

ரோஸ்லான் முகம் வாடிவிட்டது. நான் நினைத்ததைவிட இரக்கமாகக் கேட்டார். கடைசியில், "தா போலே, கா. பாயார் பில் டுலு" என்றார். முடியாது அக்கா, முதலில் பில்லைக் கட்டுங்கள்.

எதற்குப் பில்? அரசாங்க ஆபீஸ் என்றால் எதையாவது கேட்கத்தான் செய்வார்கள் என்று நினைத்து, அடுத்த நாள் கரண்ட் பில் ரசீதுகளை எல்லாம் கொண்டுபோய் மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "பாகுஸ், கா, பாகுஸ்" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நல்லது அக்கா, நல்லது. அதோடு சரி. சாக்கெட் பேச்சு இல்லை.

அடுத்த மாதமும் போனேன். அடுத்த மாதமும் கட்டை விரல். இப்படியே விடாமல் கட்டி வாருங்கள் என்று முதுகில் தட்டாத குறையாகச் சொல்லி அனுப்பினார். நடுவில் ஒருநாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து அரிசி மூட்டை, சார்டின் மீன் டின், நூடுல்ஸ் பாக்கெட்டெல்லாம் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மணியம் ஆச்சரியப்பட்டார். "தேர்தல் வருதா என்னா?" என்றார். வந்த சார்டினை நான் குழம்பு வைத்தேன்.

3

சாக்கெட் நடக்கிற கதையாகத் தெரியவில்லை. முருகேசன் போனில் வந்து, "எதுக்குக்கா இவ்வளவு பாடு? போய் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டு. இங்க இன்வெர்ட்டர் இல்லாத வீடு எது?" என்றான்.

ஆமாம்ல, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. ஊரில் கரண்ட் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் அப்பாவுக்கு ஆஸ்துமா முற்றி நெபுலைசர் வைத்திருந்த காலத்தில், நாளெல்லாம் கரண்ட் போய்ப் போய் வரும். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் தன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரைச் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குள் போட்டுவிட்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வயர் கிடந்த லட்சணத்தை ரோஸ்லான் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். ஆனால் அப்பா மூச்சு விட்டார்.

கிள்ளானில் நம் ஆட்கள் கடைகள் அதிகம், தமிழிலேயே பேசி வாங்கலாம் என்று ரயிலேறிப் போனேன். அதற்கு முன் மக்சிக்கிடம் கெஞ்சி, அவரை மணியத்துக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. மக்சிக் என்றால் சித்தி மாதிரி, எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா. கிள்ளானில் ஒரு பெரிய மின்சாமான் கடை. கல்லாவில் இருந்தவர் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இன்வெர்ட்டர் இருக்கா?"

"இருக்குக்கா. எத்தனை ஹார்ஸ்பவர்? ரூமுக்கா, ஹாலுக்கா?"

"ஹார்ஸ்பவரா? மெஷின் ஒண்ணுக்குத்தான் வேணும். ஹால்லதான் இருக்கு."

"ஹாலுன்னா ஒன்றரை எடுத்துக்குங்க. நல்லா ஜில்லுன்னு இருக்கும்."

"ஜில்லுன்னு எதுக்கு? கரண்ட் போனா ஓடணும், அவ்வளவுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கரண்ட் போனா ஏர்கோன் எப்படிக்கா ஓடும்?"

இந்த ஊரில் இன்வெர்ட்டர் என்றால் ஒரு வகை ஏசி. நம் இன்வெர்ட்டர் எப்படி இருக்கும் என்று கையால் காட்டி, பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை எல்லாம் விளக்கினேன். அவர் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்னப் பெட்டி ஒன்றைக் காட்டினார். அது கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கிற நேரத்துக்குத்தான் வருமாம். பெரிய பாட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"இங்க யாரும் கேக்கறதில்லக்கா. இங்கதான் கரண்ட் போவாதே" என்றார் சமாதானமாக.

இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். போகாது, போகாது என்று நம்பி ஒருவரும் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. போகிற அன்றைக்கு, வீட்டுக்குள் மெஷினோடு படுத்திருப்பவன் பாடு யாருக்கும் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருந்தால் கவனிப்பார்களாம். மணியம் எழுந்து நடப்பதால் அட்டை கிடையாது. முதியோர் என்றால் தனிச் சலுகையாம். அவருக்கு அந்த வயது ஆகவில்லை. சாகிற அளவுக்கு நோய் இருக்கிறது, சலுகை வாங்குகிற அளவுக்கு இல்லை.

தாரிணியிடம் சொன்னேன். எங்கள் ஒரே மகள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை, அங்கேயே தோழிகளோடு வீடு. மலாயும் இங்கிலீஷும் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் லீவு போட்டு வந்து அந்த ஆபீசரிடம் நீ பேசு என்றேன். "மா, யாரும் நேர்ல போய்ப் பேசமாட்டாங்க இப்பல்லாம். ஈமெயில் போடணும். நான் டிராஃப்ட் பண்றேன்" என்றாள். பண்ணிக்கொண்டே இருக்கிறாள். நான் தமிழில் எழுதும் இந்தக் குறிப்பை அவளால் படிக்க முடியாது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன், அந்த டிராஃப்ட்டை எமன் வந்தால்கூட அவள் முடிக்கமாட்டாள்.

4

உடைத்துச் சொன்னது மகேஸ்வரிதான். நிர்வாக ஆபீசில் ரோஸ்லானிடம் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண், பிரசவ லீவு முடிந்து திரும்பியிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து ஓரமாகக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, வீட்டுல ரொம்ப கஷ்டமா? லெட்ரிக்க வெட்டிட்டாங்களாமே. எனக்குப் போன் பண்ணியிருக்கலாம்ல?"

"யாரு வெட்டினா?"

"நீங்கதானக்கா சொன்னீங்க. காசு கட்டாம அடிக்கடி வெட்டிடறாங்க, நடைவழியிலேருந்து கரண்ட் எடுத்துக்கறேன்னு கேட்டீங்களாம். பாஸ் சொன்னாரு. பாவம், மானஸ்தி, மாசாமாசம் ரசீதக் கொண்டாந்து காட்டுதுன்னாரு."

 நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் மலாயில் சொல்லிக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, 'போத்தோங்'னா பில்லு கட்டலன்னு வந்து வெட்டுறதுக்கா. கரண்ட் போச்சுன்னா பிளேக்அவுட்னு சொல்லணும் லா."

நம்மூரில் கரண்ட் கட் என்றால் மழைக்குக் கட், பராமரிப்புக்குக் கட், காரணமே இல்லாமல் கட், பணம் கட்டாவிட்டாலும் கட். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தை போதும். அதைத் தூக்கிக்கொண்டுபோய் இவர்கள் பாஷையில் அப்படியே வைத்தேன். அது எங்களைக் கடன்காரக் குடும்பம் ஆக்கிவிட்டது. அரிசியும் சார்டினும் எதற்கு வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. பிளாக் முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மணியத்திடம் சொன்னேன். 

"முப்பது வருசம் லோரி ஓட்டினேன் செல்வி. ஒரு மாசம் பில்லு நின்னது கெடையாது" என்றார்.

"தெரியுங்க. நான்தான் உளறிட்டேன்."

"நீ என்னா பண்ணுவே, ஊர்க்காரி." ஊரிலிருந்து வந்தவளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் கோபத்தில் சொல்லவில்லை. "அந்தச் சார்டினத் தின்னுட்டமே, அதுதான் கஷ்டமா இருக்கு."

மகேஸ்வரி ஆபீசில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். ரோஸ்லான் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஹாலில் ஓடும் மெஷினைப் பார்த்தார், மணியத்தின் மூக்குக் குழாயைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே. இரண்டே வாரத்தில் எலக்ட்ரீஷியன் வந்து எங்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒரு சாக்கெட் வைத்தார். ஜென்செட் லைன். நான் கேசரி செய்து அவருக்குக் கொடுத்தேன். கேசரியை அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், சாக்கெட்டுக்கு மேல் இரும்பு மூடி ஒன்றை வைத்து அதில் ஒரு பூட்டும் மாட்டிவிட்டிருந்தார்.

"எதுக்குப் பூட்டு?" என்று ஓடிப்போய் ரோஸ்லானிடம் கேட்டேன். திறந்து வைத்தால் ஆளாளுக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டரைச் சார்ஜ் போடுவார்களாம். சரி, சாவி? சாவி ஆபீசில் பத்திரமாக இருக்குமாம். கரண்ட் போனால் வந்து வாங்கிக்கொள்ளலாமாம்.

"சனி, ஞாயிறு?"

ரோஸ்லான் என்னைப் பார்த்தார். "சாபார், கா" என்றார்.

5

அந்த வாரமே கரண்ட் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. போனது சனிக்கிழமை பிற்பகல். இடி இடித்துப் பெருமழை, எங்கோ டமாரென்று சத்தம், மெஷின் கத்த ஆரம்பித்தது. தோங்கை மாட்டினேன். மாட்டும்போதே முள் பாதிக்குக் கீழே நின்றது. முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதைத்தான் எடுத்துப் போயிருந்தோம், நிரப்பித் தருகிறவன் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்.

மகேஸ்வரிக்குப் போன் போட்டேன். காஜாங்கில் அவள் தங்கை வீட்டு வளைகாப்பு. சாவி ஆபீஸ் அலமாரியில், ஆபீஸ் சாவி ரோஸ்லானிடம், ரோஸ்லான் போன் அணைந்திருக்கிறது. கீழே காவலாளியிடம் ஓடினேன், அவனிடம் குப்பை அறைச் சாவிதான் இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பெருமழை, சாலையெல்லாம் வெள்ளம், வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. தாரிணிக்குப் போட்டேன்.

"மா, நான் வரேன், வரேன். ஃபுல் ஜாம்மா. அப்பாகிட்ட போனைக் குடு" என்றாள்.  கொடுத்தேன். அவருக்குப் பேச மூச்சில்லை. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. அதை நான் அதற்கு முன் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருந்தேன்.

எனக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம்.  கதவைத் திறந்தால் நடைவழி முழுக்க வெளிச்சம். லிஃப்ட் ஓடுகிறது. என் வாசலில், எனக்காகவே வைத்த சாக்கெட், அதில் கரண்ட். மேலே பூட்டு.

மணியம் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். லோரி காலத்து டூல் பெட்டி. உள்ளே டயர் மாற்றும்போது அடிக்கிற பெரிய சுத்தியல். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பூட்டின் மேல் போட்டேன். முதல் அடி சுவரில் விழுந்தது. எதிர்வீட்டு மக்சிக் கதவைத் திறந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் டார்ச்சைக் கொண்டுவந்து பூட்டின் மேல் அடித்துப் பிடித்தார். பட்டப்பகல் மாதிரி விளக்கு எரிகிற நடைவழியில் எதற்கு டார்ச் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. நாலைந்து அடியில் மூடியோடு சேர்ந்து பூட்டு தொங்கியது.

மெஷினை வாசலுக்கு இழுத்து வந்து சொருகினேன். ஓடியது. மணியத்தை நாற்காலியோடு நடைவழிக்குக் கொண்டுவந்து குழாயை மாட்டினோம். அவர் முகத்தில் ரத்தம் திரும்புவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. மக்சிக் தன் பேரனின் நெபுலைசரைக் கொண்டுவந்து, இதற்கும் இடம் இருக்குமா என்று கேட்டார். நீட்டு வயர் ஒன்றில் அதையும் மாட்டினோம். ஆம்புலன்ஸுக்கு முன்பே தாரிணி மழையில் நனைந்து வந்து சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும் நடைவழியிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

6

திங்கட்கிழமை அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. உடைந்த பூட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நானே ஆபீசுக்குப் போனேன். மகேஸ்வரியைப் பக்கத்தில் நிற்க வைத்தேன், இந்த முறை ஒரு வார்த்தை தப்பக்கூடாது என்று. சனிக்கிழமை நடந்ததை முழுசாகச் சொன்னேன். ரோஸ்லானுக்குக் கண் கலங்கியது, நடிப்பு இல்லை. அவர் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். மேலே பேசினார். மேலேயிருந்து பதில் வந்தது.

இன்று காலை அதே எலக்ட்ரீஷியன் வந்து புது மூடி போட்டார், பூட்டும் போட்டார். பொதுச் சொத்து சேதமாகாமல் இருக்க இந்த முறை கனமான பூட்டாம். சாவி ஆபீசில். நான் அவருக்குக் கேசரி கொடுக்கவில்லை.

சாயங்காலம் தாரிணி வந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அடிக்கடி வருகிறாள். ஹாலில் ஆக்சிஜன் மெஷினுக்குப் பக்கத்தில் சுத்தியல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அப்பா தடுக்கி விழுந்துவிடுவார், கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன் என்று எடுக்கப் போனாள்.

"அதை எடுக்காதே. அங்கேயே இருக்கட்டும்."

"ஏம்மா, இது எதுக்கு ஹால்ல?"

"அது சாவிடி" என்றேன்.